நான் விட்டுவிட்ட வரி

ஜூலை 4

இன்றிலிருந்து இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குச் சாதகமில்லாதது நடந்தாலும் எழுதுவேன். ஏனென்றால் இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் எல்லோரும் உண்மையைச் சுற்றிவளைத்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் வாப்பா சேகு மதார் எங்கள் தெருப் பள்ளிவாசலின் மோதினார். ஒரு நாளைக்கு ஐந்து நேரம் பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஆட்களை அழைப்பது அவர் வேலை. பதினேழு வருடமாகச் சொல்கிறார். எனக்கு வயது பதினான்கு. நான் இதுவரை கடிகாரம் பார்த்து எழுந்ததே இல்லை.

இரண்டு மாதமாகக் குரல் கரகரக்கிறது. முதலில் சளி என்றார். பிறகு ஐஸ் என்றார். ஐஸ் சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. இன்று ராமநாதபுரத்தில் தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். குரல் நாணில் அரிசிமணி அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம். மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பீடி, சிகரெட் உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார் வாப்பா.

"யார் கல்யாணத்துக்கு?" என்று உம்மா கேட்டார்.

ஜூலை 6

டாக்டர் சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வாப்பா கீழ்ப்படிந்தார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபயரின் திருகை முழுக்க ஏற்றிவிட்டார். விடியற்காலை சுபுஹு பாங்கில் ஒவ்வொரு மூச்சும் எச்சில் விழுங்குவதும் தெருவுக்கே கேட்டது. பக்கத்து வீட்டு ஜுலைகா மாமி, "உங்க வாப்பா என் கட்டில்ல உக்காந்து சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார்.

ஜூலை 10

மதுரை. மயக்கம் கொடுத்துத் தொண்டையிலிருந்து பரிசோதனைக்கு ஒரு துணுக்கு எடுத்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் வாப்பா பரமக்குடி வரை தூங்கினார். நான் ஒரு பாடப் புத்தகத்தைப் பிரித்து ஒரே பக்கத்தை மதுரையிலிருந்து ஊர் வரைக்கும் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13

துணி மடித்தேன். மீன் வாங்கினேன். முடிவு வரவில்லை.

ஜூலை 18

புற்றுநோய்.

எழுதிப் பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை.

மதுரையில் டாக்டர் பூங்கோதை என்பவர் பார்க்கிறார். நன்றாகத் தமிழில்தான் விளக்கினாராம். நான் வெளியே பைகளுக்குக் காவல் இருந்தேன். உம்மாவிடம் கேட்டால், "இப்பத்தான் தொடங்கியிருக்குன்னு சொன்னாக. ரெண்டு வழி இருக்காம். பத்து நாள்ல முடிவு சொல்லணுமாம்" என்கிறார். அதற்கு மேல் கேட்டால் முந்தானையை எடுத்துக்கொள்கிறார். வாப்பாவுக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு டாக்டரின் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்ததாம்.

ஆங்கிலத்தில் நாலு பக்கத் தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வாப்பா அதை மடிக்காமல் வீடு வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். என்னிடம் நீட்டினார்.

"நீதான் படிச்ச புள்ள. இதத் தமிழ்ல எழுதிக் குடு. அதப் பாத்து முடிவு பண்ணுவோம்."

ஜூலை 19

மொழிபெயர்த்து முடித்தேன். சனிக்கிழமை முழுதும் ஆனது. சுருக்கம் இது.

ஒன்று, லேசர் அறுவைச் சிகிச்சை. வாய் வழியாகக் கருவியை விட்டு நோயுள்ள பகுதியை எடுத்துவிடுவார்கள். கழுத்தில் வெட்டு கிடையாது. ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம். எடுக்கும் அளவைப் பொறுத்துக் குரல் கரகரப்பாகவோ காற்றாகவோ ஆகிவிடலாம்.

இரண்டு, கதிர்வீச்சு. ஊரில் எல்லோரும் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தரை வாரம். தொண்டை புண்ணாகும், வறளும். ஆனால் குரல் பெரும்பாலும் நன்றாகத் திரும்பும்.

இரண்டிலும் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது.

கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் நாலு வரி நீளம். வாக்கியத்துக்குள் வாக்கியம். தமிழில் கொண்டுவந்தால் படிப்பவருக்குக் குழப்பம்தான் வரும். சுருக்கத்தின் பொருட்டு அதை விட்டுவிட்டேன்.

கையெழுத்து அழகாக வந்திருக்கிறது.

ஜூலை 21

வாப்பா என் தமிழை மூன்று முறை படித்தார். உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எடுத்து எறிஞ்சிட்டு வந்துருவோம்" என்றார் உம்மா. "உடம்புல அத வச்சுக்கிட்டு ஒன்றரை மாசம் கரண்டு குடுத்துக்கிட்டு இருக்கவா?"

"குரல் போயிருமே மைமூன்."

"போனாப் போவுது. எங்கிட்டப் பேசுறதுக்கு இந்தக் குரல் போதும். நீங்க என்ன நிறையவா பேசுறிய?"

"பாங்கு?"

உம்மா கீரையை வைத்துவிட்டு எங்கள் வீட்டின் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த வீடு பள்ளிவாசல் ஜமாஅத்துடையது. யார் மோதினாரோ அவர் குடியிருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

"ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் குணமாவுதுன்னு எழுதியிருக்கு" என்றார் வாப்பா. "ஒண்ணுல குரல் நிக்கிது, ஒண்ணுல போவுது. இதுல யோசிக்க என்ன இருக்கு? கரண்டே வச்சிக்கிறேன். என்ன ருக்கையா, சரிதானே?"

சரிதான் என்றேன்.

ஜூலை 23

பள்ளியில் ஆங்கில டீச்சர் என் கட்டுரையை வகுப்பில் படித்துக் காட்டினார். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மத்தியானம் பென்சில்கள் எல்லாவற்றையும் சீவினேன். பக்கத்தில் இருந்தவளுடையதையும் சீவினேன்.

தையற்கடை இல்யாஸ் மாமா இப்போது மத்தியானம் லுஹரும் மாலையில் அஸரும் பாங்கு சொல்லி உதவுகிறார். பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி சொல்கிறார். வாப்பா சொன்னால் ஒவ்வொரு அழைப்புக்கும் நடுவில் தெருவே மூச்சை எடுத்துக்கொள்ளும். இல்யாஸ் மாமாவிடம் அதற்கு இடமே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. உண்மையில் கொஞ்சம் இருக்கிறது.

ஜூலை 24

அந்த வாக்கியம் அவ்வளவு கடினம் இல்லை. மூன்று சொற்களுக்குத்தான் அகராதி பார்த்தேன்.

ஜூலை 25

மதுரைக்குப் போய் முடிவைச் சொன்னோம். இந்த முறை என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் பூங்கோதை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தாள் முழுக்கப் படிச்சீங்களா ஐயா? சந்தேகம் ஏதாவது?" என்று கேட்டார்.

"என் மக தமிழ்லயே எழுதிக் குடுத்துட்டா டாக்டரம்மா. ஒரு வரி விடாம."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் மேசையில் இருந்த பிளாஸ்டிக் குரல்வளை மாதிரியைப் பார்த்தேன். அதைத் திறந்து மூடலாம் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4 அன்று முகத்துக்கு வலைமூடி அளவெடுக்க வரச் சொன்னார்கள். கதிர் ஒரே இடத்தில் படுவதற்காகத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மூடி அது.

மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். கழுத்துக் குழியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை, அதன் மேல் மெல்லிய துணி. சின்னப் பிள்ளைகளின் சிலேட்டு வைத்திருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'பயப்படாதே. மூச்சு இப்போது இந்த வழி.'

யாருக்காக வந்திருக்கிறேன் என்று எழுதிக் கேட்டார். வாப்பாவுக்கு, ஆரம்ப நிலை, கரண்ட் வைக்கப் போகிறோம் என்றேன். 'எனக்கும் அதுதான் முதலில். ஆறு வருஷம் நன்றாக இருந்தேன்' என்று எழுதினார். பிறகு கையால் அழித்துவிட்டு, 'எல்லோருக்கும் திரும்புவதில்லை' என்று எழுதினார். அதை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

அவர் லாரி ஓட்டியவராம். மருந்துச் சீட்டில் பெயர் தங்கமாரியப்பன் என்று இருந்தது.

ஜூலை 26

இன்று எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 27

அந்த வாக்கியத்தை இங்கே எழுதுகிறேன். 'கதிர்வீச்சைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் மறுமுறை கொடுக்க முடியாது என்பதால், அதற்குப் பிறகு நோய் திரும்பினால் சிலருக்குக் குரல்வளையை முழுவதுமாக அகற்ற நேரிடலாம், ஆனால் முதலில் லேசர் செய்துகொண்டவர்களுக்கு நோய் திரும்பினால் மறுபடி லேசரோ கதிர்வீச்சோ செய்ய வாய்ப்பு இருக்கும்.'

நாலு வரிதான்.

ஜூலை 28

இன்று இல்யாஸ் மாமாவுக்குக் கடையில் கல்யாண ஆர்டர். அதனால் அஸர் பாங்கை வாப்பாவே சொன்னார். எப்போதும் போல உம்மா இஞ்சித் தண்ணீர் கொடுத்தனுப்பினார். பள்ளிவாசலின் பக்கவாட்டில், சந்துப் பக்கம் வாசல் வைத்த சின்ன அறையில்தான் மைக் இருக்கிறது. நான் வாசற்படி வரை போவேன்.

பாங்கு சொல்லி முடித்து, வாப்பா நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். தொழுகைக்குக் கால் மணி நேரம் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"வாப்பா, அந்தத் தாள்ல ஒரு வரிய நான் எழுதல."

"எந்தத் தாள்ல?"

"ஆஸ்பத்திரித் தாள்ல. கரண்ட் ஒரு தடவதான் வைக்கலாமாம். திரும்ப வந்தா குரல்வளையவே எடுக்க வேண்டி வரலாமாம். லேசர்னா திரும்ப வந்தாலும் வேற வழி இருக்காம். எழுதியிருந்துச்சு. நான் விட்டுட்டேன்."

வாப்பா டம்ளரை வைத்தார்.

"தெரியாம விட்டியா?"

"தெரிஞ்சுதான்."

தெரிஞ்சுதான் என்ற சொல் எதிர் வீட்டுச் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. பிறகு மேலத்தெருப் பக்கமிருந்து இன்னொரு முறை வந்தது. வாப்பா மைக்கை அணைக்கவே இல்லை. அவர் குரலுக்காக ஏற்றி வைத்த திருகு என் குரலை நாலு ஒலிபெருக்கியிலும் ஊருக்குச் சொல்லியிருந்தது. உள்ளே ஹவுள் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தவர்களின் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வாப்பா எட்டிப் பொத்தானை அமுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போ" என்றார்.

ஜூலை 29

யாருக்கும் சொல்லக் கூடாது என்று உம்மா இத்தனை நாளாகக் காப்பாற்றியது போய்விட்டது. காலையிலிருந்து வாசலில் கூட்டம்.

ஜுலைகா மாமி ஒரு தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டு வந்தார். "மிக்ஸிய நிறுத்திட்டுல்ல கேட்டேன். பாதித் தேங்கா அப்புடியே கெடக்கு. ஏன் புள்ள, வெட்டச் சொல்லி எழுதியிருந்ததையா மறைச்சே?"

"இல்ல மாமி. அது வேற."

"வேறன்னா என்ன? விவரமாச் சொல்லு, நேத்து கடைசியில கரகரன்னு போயிருச்சு."

உம்மா சிரித்தார். இரண்டு வாரத்தில் முதல் முறை. பிறகு அடுப்படிக்குள் போய் ரொம்ப நேரம் வரவில்லை.

சாயங்காலம் ஜமாஅத் தலைவர் இபுறாம்ஷா ஹாஜியார் வந்தார். வாப்பா எழுந்து நின்றார்.

"உக்காரும் மோதினாரே. வீட்டச் சாக்கா வச்சு ஒரு முடிவும் எடுத்துறாதியும். சாவிய இப்ப யாரும் கேக்கல. பொறவு என்ன செய்றதுன்னு பொறவு உக்காந்து பேசுவோம். நாளைக்கே எல்லாரும் சரிம்பாகன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் இருக்கேன்."

போகும்போது வாசலில் என்னைப் பார்த்து, "நீதான் அந்தப் புள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். படியிறங்கிப் போய்விட்டார்.

ஜூலை 30

வாப்பா என்னிடம் பேசவில்லை.

ஜூலை 31

பேசவில்லை. தொண்டைக்காகப் பேசாமல் இருக்கிறார் என்று உம்மா சொல்கிறார். உம்மாவிடம் பேசுகிறார், இல்யாஸ் மாமாவிடம் பேசுகிறார், பூனையிடம் கூடப் பேசினார். கணக்கு வீட்டுப்பாடத்தில் ஏழு தப்பு. மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன், மறுபடி போனேன்.

ஆகஸ்ட் 1

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், வாப்பா ஆங்கிலத் தாளைத் தரையில் விரித்தார். என் தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்தார்.

"உக்காரு. ஒவ்வொரு வரியாப் படி. படிச்ச வரியத் தொட்டுக் காட்டு."

தொட்டுத் தொட்டுப் படித்தேன். அந்த வரி வந்தது. அதையும் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன்.

"இதுல புரியாதது என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பெறகு ஏன் விட்டே?"

இதற்கு நான்கு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். வீட்டைப் பற்றி ஒன்று, வாப்பாவின் மரியாதையைப் பற்றி ஒன்று. எதுவும் வரவில்லை.

"உங்க குரல் இல்லாட்டி எனக்கு..." என்றேன்.

"குரல் உனக்கா எனக்கா?"

"உங்களுக்கு."

"தொண்டை யாருது?"

"உங்களுது."

"அப்ப முடிவ என்கிட்ட விட்டுரு. நல்லதோ கெட்டதோ, முழுசா என் கையில குடு. பாதிய நீ வச்சுக்கிட்டு மீதிய எனக்குத் தந்தா நான் எத வச்சு முடிவு பண்றது?"

அவர் கத்தவில்லை. கத்த முடியாது. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு தட்டை இழுத்துக்கொண்டு, "மீன் முள்ளு அதிகம், பாத்துத் தின்னு" என்றார். என்னிடம்தான்.

ஆகஸ்ட் 4

வலைமூடிக்கு அளவெடுக்கும் நாள். வாப்பா நேராக டாக்டர் பூங்கோதையின் அறைக்குப் போய்விட்டார்.

"டாக்டரம்மா, முடிவ மாத்தலாமா?"

"இன்னும் ஆரம்பிக்கலையே. தாராளமா. என்ன காரணம்?"

வாப்பா தொண்டையைச் செருமினார். "எங்கள்ல தொழுவுறதுக்கு முன்னாடி தண்ணியால கை காலக் கழுவணும். தண்ணியே கிடைக்காட்டி சுத்தமான மண்ணத் தொட்டுத் தடவிக்கிட்டாப் போதும். ஆனா தண்ணி இருக்கையில யாரும் மண்ணுக்குப் போறதில்ல. அது ஒதுக்குல இருக்கும். உங்க கரண்டு எனக்கு அப்புடி ஒதுக்குல இருக்கட்டும். முதல்ல லேசர் பண்ணிருவோம்."

டாக்டர் பேனாவை மூடினார். "கரண்ட் எடுத்தவங்க நிறையப் பேர் நல்லா இருக்காங்க. அது தப்பான முடிவுன்னு நினைச்சு மாத்த வேண்டாம்."

"தப்புன்னு சொல்லல. ரெண்டும் சரிதான். எனக்கு எது தோதுன்னு பாத்தேன்."

"உங்க வேலை எனக்குத் தெரியும் ஐயா. குரல் கரகரன்னு நின்னுடலாம். பாங்கு சொல்ற அளவுக்கு வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

"தெரியும். இப்ப முழுசாப் படிச்சுச் சொல்லிட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் அந்தப் பிளாஸ்டிக் மாதிரியைப் பார்க்கவில்லை.

11ஆம் தேதி அறுவைச் சிகிச்சை.

ஆகஸ்ட் 7

இல்யாஸ் மாமா இப்போது ஐந்து நேரமும் சொல்கிறார். இன்று மத்தியானம் வாப்பா தையற்கடையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கைவிரலால் காற்றில் கோடு இழுத்துக் காட்டினார். இல்யாஸ் மாமா கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே, "மச்சான், எனக்கு அம்புட்டு மூச்சு இல்ல" என்றார். "துணிய அளவெடுக்காம வெட்டுவியா? அது மாதிரிதான், எங்க மூச்சு விடணும்னு முதல்ல அளவெடு" என்றார் வாப்பா.

அஸர் பாங்கு கொஞ்சம் மெதுவாக வந்தது. எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 10

மதுரைக்குக் கொண்டுபோக உம்மா இடியாப்பம் கட்டினார். இரண்டு போர்வை. வாப்பாவுக்கு உடுத்தப் புதுச் சாரம். அறுவைக்குப் பிறகு பத்து நாள் ஒரு சொல் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. அதற்கென்று ஒரு நோட்டும் பேனாவும் நான் எடுத்து வைத்தேன். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே ஒரு நாளு ஆவும், இந்த மனுசன் சண்டைன்னா எப்படிப் போடுவாக" என்றார்.

ஆகஸ்ட் 11

மருத்துவமனை மாடி, அறுவை அரங்குக்கு வெளியே, மூன்றாவது பெஞ்சு. காலை ஒன்பது பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இப்போது பத்து நாற்பது. உம்மா தஸ்பீஹ் மணி உருட்டுகிறார். நான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன், எழுந்து ஜன்னல் வரை போகிறேன், திரும்ப வந்து எழுதுகிறேன்.

தள்ளுவண்டியில் படுத்தபடி வாப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். இந்தக் குரலில் அவர் பேசும் கடைசிப் பேச்சு இது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இந்த நோட்டில் எழுதிவைக்கத் தகுந்த ஏதாவது பெரியதாகச் சொல்வார் என்று நினைத்து, காதை அவர் வாயருகே கொண்டுபோனேன். என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதுகிறேன்.

"என் செருப்பக் கீழ மாடிப்படிக்குப் பக்கத்துல விட்டுட்டேன். யாராச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருவாக. எடுத்துப் பையில வையி."

அவ்வளவுதான். கதவு மூடிக்கொண்டது, அதன் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கீழே போய்ச் செருப்பை எடுத்துவந்தேன். இடது செருப்பின் வார் தேய்ந்திருக்கிறது.

பத்து ஐம்பத்தைந்து. உம்மா மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். அரங்கின் கதவுக்கு மேலே எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை அணைத்துவிட்டார்கள்.